எதெல்மிரா வீட்டுக்கு அடியில் குராந்தோ

நான் ஒரு முழு வீட்டைத் தூக்கி அடுப்பின் மேல் உட்கார வைத்து, எண்பது பேருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒரு கீறல் இல்லை. சன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. பூனை மட்டும் கொஞ்சம் வெந்துபோயிற்று.

இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி ஒத்தீலியா, "இருபத்தேழு பேரு" என்று எண்ணிக்கையை மட்டும் திருத்துவாள். மற்றதைத் திருத்த மாட்டாள். ஏனென்றால் அன்று அவளும் சாப்பிட்டாள். சிலோயே தீவில் எங்கள் கரைப்பக்கம் முழுக்க இந்தக் கதையை ஏற்றுக்கொண்டுவிட்டது. நம்பாத ஆள் ஒருவன்தான். ஒத்தீலியாவின் தம்பி, என் மச்சான் நொல்பேர்த்தோ. அவன் நம்பாததை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ஆனால் இல்திகோவின் பல்கலைக்கழகப் பட்டம் அவன் வாயில் போய் மாட்டிக்கொண்டதே, அப்போதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட மனம் வரவில்லை.

இல்திகோ ஹங்கேரியிலிருந்து படிக்க வந்த பெண். வால்தீவியாவில் பல்கலைக்கழகம், எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கல். கடலே இல்லாத நாட்டில் பிறந்தவள். உயரம் என்றால் அப்படி ஓர் உயரம், ஒல்லி என்றால் அப்படி ஓர் ஒல்லி. எங்கள் ஊர்க் காற்றில் அவளை வெளியே அனுப்பும்போது பையில் இரண்டு உருளைக்கிழங்கு போட்டு அனுப்புவேன், பறந்துவிடக் கூடாது என்று.

தீவின் பழைய சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி எழுத வந்தவள், அந்தச் சாப்பாட்டில் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. ரொட்டி, அவித்த கிழங்கு, தேநீர். அவ்வளவுதான். சிப்பியைக் கண்டால் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளுவாள்.

"அது என்னையே பாக்குது, தோன் ரோசமேல்." ரோசமேல் நான்தான், தோன் என்பது மரியாதைக்கு.

"சிப்பிக்குக் கண்ணே கிடையாதும்மா."

"நீங்க சொன்னா நான் நம்பணுமா?"

அவள் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. வந்த முதல் நாள் அவளுடைய பெட்டியின் பூட்டு பேருந்திலேயே உடைந்துபோயிருந்தது. சமையலறைச் சுவரில் காய்ந்த கடற்பாசித் தண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கோச்சாயூயோ என்போம், ரப்பர் குழாய் மாதிரி நீளமாக, கறுப்பாக இருக்கும். அதில் ஒன்றை எடுத்துப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன். "எங்க ஊருக் கயிறு" என்றேன். "நல்ல உறுதி" என்று பாராட்டினாள். ஒரு மாதம் கழித்து, வீட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், ஒத்தீலியா அந்தப் பெட்டியை அவிழ்த்து, கயிற்றை ஊறவைத்து, துண்டு போட்டு, வெங்காயத்தோடு வதக்கி மேஜையில் வைத்தாள். இல்திகோ தட்டைப் பார்த்தாள். அவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து நான் மழை பெய்கிறது என்று சொன்னாலும் சன்னல் வழியாக ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

ஆகவே, எங்கள் ஊரில் வீடுகள் நடக்கும் என்று நான் சொன்னபோது அவள் எழுதிக்கொள்ளவில்லை. குராந்தோ என்ற எங்கள் விருந்துச் சாப்பாட்டை மண்ணுக்கு அடியில் புல்லைப் போர்த்தித்தான் சமைப்போம் என்றதையும் எழுதிக்கொள்ளவில்லை. நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அவள் பார்த்ததெல்லாம் பானையில் வெந்த குராந்தோ. அதைப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய பேராசிரியை அமெலியா உர்சுவா, "குழியில வெந்ததைக் கண்ணால பாத்து எழுது. அந்த அத்தியாயம் இல்லாட்டி பட்டம் இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மாடியில் அவள் அழுதது கீழே கேட்டது. ஒத்தீலியா என்னை முறைத்தாள். நான் அந்த அம்மாவைப் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் முறைப்பு எனக்குத்தான்.

நல்லவேளையாக, அந்த மாதமே எதெல்மிரா அக்கா மிங்கா வைத்தாள். ஒருவர் வேலைக்கு ஊரே கூடிக் கைகொடுப்பதை மிங்கா என்போம்.

எதெல்மிரா கரையை ஒட்டித் தனியாக இருக்கும் விதவை. போன குளிர்காலத்தில் ஓர் அலை சமையலறைக்குள்ளேயே வந்து அவளுடைய செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிற்று. "இன்னொண்ண எடுக்கக் கட்டாயம் வரும்" என்று எதெல்மிரா முடிவு செய்துவிட்டாள். மரவீடுதான், அப்படியே மாடு கட்டி மேட்டுக்கு இழுத்துக்கொண்டுபோக வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி ஆட்களைக் கெஞ்சிக் கூப்பிட்டாள். மிங்காவுக்கு வருகிறவனுக்குக் கூலி கிடையாது. கேட்டால் அவனுக்குத்தான் அவமானம். வேலை முடிந்ததும் எழுந்திருக்க முடியாத அளவுக்குச் சாப்பாடு போட வேண்டும். அதைப் போடாமல் இன்னொரு வேலை சொன்னால் வீட்டுக்காரிக்கு அவமானம். எங்களுக்குச் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். மற்றதெல்லாம் தலைநகரத்தில் எழுதியது.

வீட்டை இழுத்து வரும் தலைமை நொல்பேர்த்தோவுக்கு. கழுத்தில் சிவப்புத் துணி, கையில் நீளக் கழி, மூக்குக்குக் கீழே அந்த மீசை. எங்கள் பக்கத்தில் எந்த வீடு நகர்ந்தாலும் முன்னால் நடக்கிறவன் அவன்தான். எதெல்மிரா மேட்டில் நான்கு முளை அடித்து இடம் காட்டியிருந்தாள். நொல்பேர்த்தோ எல்லார் முன்னாலும் மீசையை நீவிக்கொண்டே சொன்னான்:

"இந்த நாலு முளைக்கு நடுவுல வீட்ட நிறுத்தறேன். ஒரு சாண் தாண்டிச்சுன்னா மீசைய எடுத்துடறேன்."

"மீசை இல்லாம உன்னை மாடு எப்பிடிடா அடையாளம் கண்டுபிடிக்கும்?" என்றாள் எதெல்மிரா.

"நீங்க சாப்பாட்ட மட்டும் தயார் பண்ணுங்கக்கா."

சாப்பாடு என் பொறுப்பு. குழிக்குக் காற்று படாத இடம் வேண்டும். முளைகளுக்கு அப்பால், வேலி மறைவில், மண் மெத்தென்று இருந்தது. அங்கே தோண்டினேன். வீடு முளைகளோடு நின்றுவிடும் என்று நொல்பேர்த்தோ சொல்லியிருந்தானே, மீசைமேல் ஆணையாக! மச்சானின் மீசையை நம்பிக் குழி தோண்டியது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தவறு. அதையும் அவன் தவறு என்றுதான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

கல்லைச் சுட்டுச் சிவக்க வைத்தோம். நெருப்பை வாரி எறிந்துவிட்டு மடமடவென்று அடுக்கினோம். கீழே மட்டியும் சிப்பியும், மேலே புகையில் காய்ந்த பன்றிக்கறி, கோழி, தொத்திறைச்சி, கிழங்கு, பட்டாணி. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் நால்கா இலை. அந்த இலை ஒன்றின் கீழே ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கலாம். உச்சியில் ஒத்தீலியா தட்டிய மில்காவோ. துருவிய கிழங்கைப் பிழிந்து, அவித்த கிழங்கோடு பிசைந்து, நடுவில் பன்றி வறுவலை வைத்துத் தட்டுவாள். ஒன்றைத் தவறிக் காலில் போட்டுக்கொண்டால் ஒரு வாரம் நொண்ட வேண்டும். அதன்மேல் இலை, ஈரச் சாக்கு, கடைசியாகப் புல்லோடு வெட்டிய மண். இல்திகோ படம் எடுக்க ஓடி ஓடி வந்தாள். ஒத்தீலியா அவள் கையில் துருவியைக் கொடுத்துவிட்டாள்.

"படம் அப்புறம் எடுக்கலாம். மொதல்ல கெழங்கத் துருவு."

"திறக்கும்போது எடுத்துக்கறேன்" என்று இல்திகோ படக்கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டு கையும் மாவு.

கீழே வீடு கிளம்பிவிட்டது. இரண்டு பெரிய சறுக்கு மரங்களின் மேல் வீடு, முன்னால் நூறு ஜோடி மாடு. "ஏழு ஜோடி" என்கிறாள் ஒத்தீலியா, இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு. வீடு சரிவில் தலையை ஆட்டிக்கொண்டே ஏறி வந்தது. சன்னல் வழியாக எதெல்மிராவின் சாம்பல் பூனை ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இல்திகோ துருவியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"தோன் ரோசமேல்... வீடு நடக்குது."

"நான் சொன்னப்ப சன்னல் வழியா பாத்த இல்ல?"

மேட்டின் பாதியில் காற்று திரும்பியது. குழியின் வாசனை நேராகப் போய் இழுக்கிறவர்களின் மூக்கில் ஏறியது. மட்டியும் புகைக்கறியும் சேர்ந்து ஆவியாகும் வாசனை. காலையிலிருந்து வெறும் சிச்சா என்னும் ஆப்பிள் கள்ளைக் குடித்துவிட்டு இழுக்கிறவர்கள். "ஓஹோ... இழு!" என்ற சத்தம் "இழு இழு இழு" என்று ஆகிவிட்டது. ஆள் ஓட, மாடு ஓட, வீடு ஓடியது. முளை வந்ததும் நொல்பேர்த்தோ கழியைத் தூக்கி, "நிறுத்து! நிறுத்துங்கடா!" என்று கத்தினான். முளைகளை அவன் பார்த்தான், மாடு பார்க்கவில்லை. வீடு நான்கு முளைகளையும் சாய்த்துக்கொண்டு, வேலியை வணங்க வைத்து, சமையலறை சரியாக என் குழிக்கு மேலே வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. குழிமேடு இரண்டு சறுக்கு மரங்களுக்கும் நடுவில் அளவெடுத்த மாதிரி அடங்கிவிட்டது. மெத்தென்ற மண்ணில் மரங்கள் புதைந்துகொண்டன. சுற்றிலும் ஒரு பூனை நுழையவும் இடம் இல்லை.

தரைப்பலகைகளின் இடுக்கு வழியாக ஆவி கிளம்பி, சன்னல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

"பின்னால தள்ளு" என்றாள் எதெல்மிரா.

"மாடு பின்னால நடக்காதுக்கா" என்றான் நொல்பேர்த்தோ. "கயித்த அவுத்து, அந்தப் பக்கமா கட்டி, மறுபடி இழுக்கணும்."

"அப்ப இழுங்க!"

ஆட்கள் எல்லாரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். மூத்தவன் ஒருவன் தொப்பியைக் கழற்றி மரியாதையாகச் சொன்னான்: "இழுத்தாச்சுக்கா. இன்னொரு தடவ இழுக்கணும்னா மொதல்ல சாப்பாடு."

"சாப்பாடு வீட்டுக்கு அடியில இருக்குதேடா!"

"அப்ப வீட்ட நகத்துங்க."

"நகத்தறதுக்குத்தான் உங்களக் கூப்பிடறேன்!"

"சாப்பிட்டுட்டு வர்றோம்கா."

இதற்கு மேல் யாருக்கும் வழி தெரியவில்லை. வீட்டை நகர்த்தாமல் சாப்பாடு இல்லை, சாப்பாடு போடாமல் வீட்டை நகர்த்தச் சொல்லக் கூடாது. எதெல்மிரா முகத்தை மேல்துணியில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மிங்காவுக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பியவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால், பிறகு அவள் செத்தாலும் பெட்டியைத் தூக்க ஆள் வராது.

எனக்குத்தான் நினைவு வந்தது. சமையலறைத் தரையில் கிழங்கு போட்டு வைக்க ஒரு சதுரக் கதவு உண்டு. நான் ஊர்த் தபால்காரன், தபால் கொடுக்கப் போகும்போதெல்லாம் அதில் தடுக்கி விழுந்திருக்கிறேன். எல்லாரும் உள்ளே ஓடினோம். கதவைத் தூக்கியதும் ஆவி வந்து முகத்தில் அறைந்தது. மேஜைக்குக் கீழே இருந்த பூனை ஒரே தாவலில் அலமாரி உச்சிக்குப் போயிற்று.

"தள்ளுங்க, நான் எறங்கறேன்" என்றான் நொல்பேர்த்தோ. தவறு தன்னுடையது என்று அவன் வாய் சொல்லவில்லை, கால் ஒப்புக்கொண்டது. இடுப்புவரை இறங்கினான். அங்கேயே நின்றுவிட்டான்.

"எறங்குடா" என்றேன்.

"எறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வயிறு எறங்கலியே, மச்சான்."

"வயிறு இல்ல, இது பெல்ட்டு!"

கீழ்ப்பாதி வெந்துகொண்டிருந்தது, மேல்பாதி என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜோடி மாட்டைக் கட்டி இழுக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். ஒத்தீலியா அதை ஒதுக்கிவிட்டு, பன்றிக்கொழுப்புச் சட்டியை எடுத்து வந்து தம்பியின் இடுப்பைச் சுற்றிப் பூசினாள். எட்டுப் பேர் பிடித்து இழுத்ததும், புட்டியிலிருந்து தக்கை வருகிற சத்தத்தோடு வந்தான். கால்சட்டை கீழேயே தங்கிவிட்டது.

அப்போது எல்லாருடைய பார்வையும் ஒரே நேரத்தில் இல்திகோவின் மேல் விழுந்தது. அவள் தன்னைத்தானே ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டாள்.

"நானா?"

"உன் அத்தியாயம் கீழதாம்மா இருக்கு" என்றேன்.

கையில் தடித்த உறையை மாட்டிக்கொண்டு, ஒரு நூல் ஊசியில் நுழைகிற மாதிரி இறங்கிவிட்டாள். வயிற்றால் தவழ்ந்து புல்மண்ணை ஒதுக்குவது கேட்டது. சாக்கை இழுத்தாள். படக்கருவி ஒரு முறை சொடுக்கியது. அப்புறம் கூடை கூடையாக மேலே வந்தது: மில்காவோ, கிழங்கு, தொத்திறைச்சி, கோழி. கடைசி அடுக்கு சிப்பி.

"அதக் குடுக்கறதுக்கு முன்னால ஒண்ணத் தின்னு பாத்து, வெந்துடுச்சான்னு சொல்லணும்" என்று கதவு வழியாகக் கத்தினேன். "குழியத் தெறக்கறவங்கதான் சொல்லணும். வழக்கம்."

"இதுவும் கயிறு மாதிரியா?"

"எதெல்மிரா மேல சத்தியம்!"

"என் மேல எதுக்குடா சத்தியம் பண்ற?" என்றாள் எதெல்மிரா. "ஆனா அவன் சொல்றது நெசம்தாம்மா. தின்னு பாரு."

கூட்டம் முழுக்கக் கதவைச் சுற்றிக் குனிந்தது. ஓர் ஓடு கல்லில் விழும் சத்தம் கேட்டது. கூடை வரவில்லை. இன்னோர் ஓடு விழுந்தது. கூடை வரவில்லை. அப்புறம் ஓடுகள் மழை மாதிரி விழ ஆரம்பித்தன.

"அம்மாடி, வெந்துடுச்சா?"

"இருங்க, இன்னும் சரியாத் தெரியல."

"மேல எண்பது பேரு இருக்கோம்!"

"இருபத்தேழு" என்றாள் ஒத்தீலியா.

"இதோ, இதோ" என்ற குரல் வாய் நிறைந்து வந்தது. அன்று அவள் வெளியே வந்தபோது முடியில் புல், கன்னத்தில் கரி, முகவாயில் சிப்பிச் சாறு. ஒரு கோப்பையில் குழிச்சாற்றையும் பிடித்து வந்திருந்தாள். யாருக்கும் கொடுக்கவில்லை. எதெல்மிரா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆவி சுட்ட சமையலறையில் வேர்க்க வேர்க்க எல்லாரும் சாப்பிட்டோம். உள்ளே இடம் போதாதவர்களுக்குச் சன்னல் வழியாகத் தட்டு போயிற்று. சாப்பிட்டு முடித்த பிறகு வீட்டை நகர்த்தலாமா என்று கேட்டார்கள். எதெல்மிரா செருப்பில்லாத காலால் தரையைத் தொட்டுப் பார்த்து, "வேண்டாம், கதகதன்னு இருக்கு" என்றுவிட்டாள். வீடு இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

இல்திகோ நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். பதில் எழுத்தில் வரவில்லை. பேராசிரியையே படகேறி வந்துவிட்டார். நரைத்த முடி, நனைந்த காலணி, சிரிக்காத வாய். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, சாம்பல் நிற மேகம் மாதிரி இருந்த ஒரு படத்தை மேஜையில் வைத்தார்.

"இது என்ன?"

"குராந்தோ" என்றாள் இல்திகோ.

"எனக்குப் பனிமூட்டம் மாதிரி தெரியுது."

"நான் இருந்தேன், அம்மா, எல்லாத்தையும் என் கண்ணால..." என்று ஆரம்பித்தேன்.

"தோன் ரோசமேல், உங்களப் பத்திப் படகுலேயே ரெண்டு பேர் என்னை எச்சரிச்சுட்டாங்க" என்றார், மிக மரியாதையாக. "பொண்ணு எழுதினதுல கடைசிப் பாதி கட்டுக்கதைன்னா, மொதப் பாதியயும் நான் ஏத்துக்க முடியாது."

எதெல்மிராவைக் கூப்பிட்டோம். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டோம். எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒருவன் தன் பங்குக்கு இரண்டு திமிங்கிலத்தையும் சேர்த்துச் சொன்னான். அது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. பேராசிரியை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இந்தத் தீவுல நல்ல கதைக்குச் சாட்சி கிடைக்கறது கஷ்டமில்ல. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். இது நடந்ததால நஷ்டப்பட்டவங்க யாராவது உண்டா? அவங்க சொல்லட்டும், நம்பறேன்."

எல்லாரும் திரும்பி, கதவோரம் நின்ற நொல்பேர்த்தோவைப் பார்த்தோம். அன்றிலிருந்து அவன் சொல்லிவந்தது வேறு: வீடு அவன் வைத்த இடத்தில்தான் நின்றது, குழி பக்கத்தில் இருந்தது, கிழங்குக் கதவு என்று ஒன்றே கிடையாது, நான் சொல்வதெல்லாம் பொய். வீட்டைக் குறி தப்பி நிறுத்துகிறவனை அடுத்த மிங்காவுக்கு யார் முன்னால் நடக்கக் கூப்பிடுவார்கள்? மீசை வேறு பணயத்தில் இருக்கிறது. அவன் சுவரைப் பார்த்தான்.

இல்திகோ கெஞ்சவில்லை. அடுப்பிலிருந்து ஒரு மில்காவோவை எடுத்துத் தட்டில் வைத்து அவனிடம் நீட்டினாள். கிழங்கு துருவியதிலிருந்து கொழுப்பில் பொரித்ததுவரை அவளே செய்தது. ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. நொல்பேர்த்தோ நின்றபடியே கடித்தான். மென்றான். வெகு நேரம் மென்றான். மீசையில் எண்ணெய் இறங்கியது. முழுவதையும் தின்று முடித்து, விரலை நக்கி, தொப்பியைக் கழற்றினான்.

"நடந்துச்சும்மா" என்றான் பேராசிரியையைப் பார்த்து. "முளையத் தாண்டினது நான். ஓட்டையில மாட்டிக்கிட்டதும் நான். இந்தப் பொண்ணுதான் எறங்கி எடுத்துக் குடுத்தா. எல்லாம் நடந்துச்சு, அப்பிடியே வச்சுக்குங்க. பூனை வெந்துச்சுன்னு இந்த ஆளு சொல்றாரு பாருங்க, அது மட்டும்தான் பொய்."

அப்புறம் ஒத்தீலியாவின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, கத்தரிக்கோல் எங்க வச்சிருக்க?"